மவுண்ட் ஆகாத இரவுகள்

லினக்ஸ் கணினியைப் போட்டதும் திரையில் வரிகள் மளமளவென்று ஓடும். அந்த ஓட்டம் நடுவழியில் நின்று, கடைசி வரி அசையாமல் கிடந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது மவுண்ட். ஹார்ட் டிஸ்க்கில் பதிந்திருப்பது எண்களின் நெடிய வரிசைதான். அந்த வரிசைக்குள் எது கோப்பு, எது அடைவு, எது வெற்றிடம் என்று லினக்ஸின் மையமான கெர்னல் படித்தறிந்து, தன் அடைவு மரத்தின் ஓரிடத்தில் பொருத்திக்கொள்வதையே மவுண்ட் என்கிறார்கள். விண்டோஸில் சி, டி, இ என்று ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும், அதாவது டிஸ்க்கின் ஒவ்வொரு பகுதிக்கும், ஓர் எழுத்து. யூனிக்ஸ் வழிவந்த லினக்ஸில் மரம் ஒன்று, வேரும் ஒன்று. எத்தனை டிஸ்க் இருந்தாலும் அந்த ஒரே மரத்தில்தான் கிளையாக வந்து சேர வேண்டும். வேர் பொருந்தாவிட்டால் கணினி எழாது. கிளை பொருந்தாவிட்டால் எழுந்தும் எழாமலும் பாதியில் நிற்கும்.

சிங்கப்பூரின் தெம்பனிஸ் ஸ்திரீட் 81-இல் ஒரு வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டின் இரண்டு அறைகளில் வாடகைக்கு இருந்த நான்கு பேருக்கு இந்த வேறுபாடு தூக்கம் கெட்டுத்தான் புரிந்தது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள் அவை. நால்வரும் தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். ஒருவரையொருவர் ஊர்ப் பெயர் சொல்லியே கூப்பிட்டுக்கொள்வார்கள். திருச்சிக்காரர் இப்போது அதே தெம்பனிஸில் சொந்த வீட்டில் இருக்கிறார். சென்ற தீபாவளிக்கு முன் வீடு ஒழித்தபோது, பொருளறை மேல்தட்டில், துணிப்பைக்குள் பழைய செய்தித்தாளில் சுற்றிய ஹார்ட் டிஸ்க் ஒன்று கைக்கு வந்தது. நாற்பது ஜிகாபைட். சிங்கப்பூரில் தயாரானது என்று அதன் வில்லையில் அச்சிட்டிருந்தது. மேலே ஒட்டிய காகித நாடாவில் மார்க்கர் பேனா எழுத்து மங்கிக் கிடந்தது: ‘வீட்டுக்காரம்மா போட்டோ – அழிக்காதே.’ கையெழுத்து மதுரைக்காரருடையது.

சிங்கப்பூரில் தயாரானது என்ற வரி அந்தக் காலத்து டிஸ்க்குகளில் சாதாரணம். சீகேட் நிறுவனம் 1982-இல் இங்கே காலூன்றியது; பின்னாலேயே மற்றவர்களும் வந்தார்கள். உலகின் ஹார்ட் டிஸ்க்குகளில் பெரும்பங்கு இந்தச் சின்னத் தீவிலிருந்து போன காலம் உண்டு. ஆங் மோ கியோவில் டிஸ்க் தயாரிப்பை நிறுத்தப்போவதாக 2009-இல் சீகேட் அறிவித்ததோடு அந்த அத்தியாயம் ஏறக்குறைய முடிந்தது.

அந்த டிஸ்க்கை வாங்கியது சிம் லிம் ஸ்கொயர் என்ற கணினிக் கடைத்தொகுதியில். அன்றைக்குத் தெம்பனிஸிலிருந்து போக வேண்டுமென்றால் கிழக்கு-மேற்கு ரயிலில் பூகிஸ் வரை போய், அங்கிருந்து வெயிலில் நடக்க வேண்டும். இப்போது டௌன்டவுன் ரயில் தெம்பனிஸில் ஏறினால் மாறாமலே ரோச்சோரில் இறக்கிவிடுகிறது. அடுத்த நிலையம் லிட்டில் இந்தியா. இந்த வசதி 2017 அக்டோபரில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை சிம் லிம்மில் கேபிள், ராம், மின்விசிறி என்று ஒவ்வொன்றாக விலை பேசி வாங்கி, லிட்டில் இந்தியாவின் தேக்காவில் சாப்பிட்டுவிட்டு, சுங்கை ரோடு பழைய பொருள் சந்தையையும் ஒரு சுற்றுச் சுற்றி வருவது அந்த வீட்டின் வழக்கம். தரையில் விரித்த தார்பாயின்மேல் பழைய கடிகாரங்களுக்கு நடுவே கழற்றிய ஹார்ட் டிஸ்க்குகளும் கிடக்கும். அந்தச் சந்தையை 2017 ஜூலையில் மூடிவிட்டார்கள்.

கணினி எழும்போது பயாஸுக்கு அடுத்துப் பேசுவது, கெர்னலை ஏற்றிவிடும் பூட்லோடர். இப்போது பெரும்பாலும் கிரப். அப்போது பலரிடம் லிலோ இருந்தது. எல், ஐ, எல், ஓ என்ற நான்கு எழுத்துகளையும் அது ஒன்றாகக் காட்டாது. ஒவ்வொரு படி கடந்ததும் ஓர் எழுத்தை எழுதும். ஆகவே எந்த எழுத்தோடு நின்றது என்பதே நோயின் பெயர். எல், ஐ என்ற இரண்டோடு நின்றால் இரண்டாம் படி வந்தும் ஓடவில்லை என்று பொருள். டிஸ்க்கின் அமைப்பை பயாஸ் ஒரு விதமாகவும் லிலோ வேறு விதமாகவும் புரிந்துகொண்டிருக்கலாம், அல்லது லிலோவின் பூட் கோப்பை இடம் மாற்றிவிட்டு லிலோவை மறுபடி ஓட்ட மறந்திருக்கலாம். இரண்டெழுத்தில் இவ்வளவு சொன்ன நிரல் இன்றைக்கு அரிது. இப்போதைய கணினி உற்பத்தியாளரின் சின்னத்தைக் காட்டி எல்லாச் செய்தியையும் மறைத்துக்கொள்கிறது. பிழை தேடுகிறவர் செய்ய வேண்டிய முதல் வேலை, கிரப் பட்டியலில் ‘இ’ எழுத்துப் பொத்தானை அழுத்தி, கெர்னல் வரியிலிருந்து ‘குவைட்’, ‘ஸ்ப்ளாஷ்’ என்ற இரு சொற்களை எடுத்துவிடுவது. மறைந்திருந்த வரிகள் அப்போது திரும்பிவரும்.

அடுத்த படி வேர். கெர்னல் எழுந்ததும் வேர்ப் பார்ட்டிஷனை மவுண்ட் செய்தாக வேண்டும். இல்லாவிட்டால் அதற்கு மேல் ஓட எந்த நிரலும் கைவசம் இல்லை. அப்போது வருவதுதான் கெர்னல் பேனிக். வேர்க் கோப்புமுறையை மவுண்ட் செய்ய இயலவில்லை என்றும், அடைப்புக்குறிக்குள் பூஜ்யம், பூஜ்யம் என்றும் ஒரு வரி வரும். அந்த இரு பூஜ்யங்களுக்குப் பொருள், கெர்னலின் கண்ணுக்கு அப்படி ஒரு டிஸ்க்கே தெரியவில்லை என்பது. டிஸ்க் கெட்டுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை. டிஸ்க்கோடு பேசும் டிரைவர் கெர்னலிடம் இல்லாமல் போயிருக்கும். கோப்புமுறையைப் படிக்கும் பகுதி இல்லாவிட்டாலும் இதே பேனிக்தான், அந்த எண்கள் மட்டும் பூஜ்யமாக இரா.

தெம்பனிஸ் வீட்டில் இது நடந்தது கெர்னலைக் கைப்படக் கம்பைல் செய்த இரவில். அந்தக் காலத்தில் அது ஒரு விரதம் போல. நூற்றுக்கணக்கான கேள்விகளுக்கு ஒய், எம், என் என்று பதில் கொடுத்துவிட்டுப் படுத்தால் விடியும்போது முடிந்திருக்கும். ஒய் என்றால் அந்தப் பகுதி கெர்னலுக்குள்ளேயே சேரும். எம் என்றால் தனி மாட்யூலாக டிஸ்க்கில் உட்காரும். திருச்சிக்காரர் தன் டிஸ்க்கின் கோப்புமுறையான இஎக்ஸ்டி3-க்கு எம் போட்டிருந்தார். டிஸ்க்கைப் படிக்கத் தேவையான மாட்யூல், அந்த டிஸ்க்குக்குள்ளேயே இருந்தது! வீட்டைப் பூட்டி, சாவியை உள்ளே வைத்த கதை. விளக்கணைத்த அறையில் விசைப்பலகையின் இரு விளக்குகள் மட்டும் விட்டு விட்டு மின்னின. பேனிக் வந்தால் கெர்னல் அப்படித்தான் சைகை காட்டும். மதுரைக்காரர் பாயிலிருந்து எழுந்து பார்த்தார்.

“பழைய கெர்னல வச்சிருக்கீங்கல்ல?”

“இருக்குண்ணே.”

“அப்ப அதுல எழுப்புங்க. காலையில பாத்துக்கலாம்.”

இன்றும் மருந்து அதுவே. மெனுவில் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்து எழுப்பி, இனிட்ராம்எஃப்எஸ் என்ற தொடக்கப் பொதியை மறுபடி கட்டச் சொல்ல வேண்டும். வேரை மவுண்ட் செய்யத் தேவையான டிரைவர்களை முன்கூட்டியே நினைவகத்துக்குக் கொண்டுவரும் மூட்டை அது. புதுப்பிப்பின் நடுவில் பூட் பார்ட்டிஷன் நிரம்பிவிட்டால் இந்த மூட்டை அரைகுறையாக எழுதப்பட்டுவிடும். பழைய கெர்னல்களைக் குவியவிட்ட கணினிகளில் இந்தக் கோளாறு இன்றும் அடிக்கடி தலைகாட்டுகிறது. ஒரே ஒரு பழைய கெர்னலையாவது விட்டுவைக்க வேண்டும். ஒரேயடியாகத் துடைத்தவர்கள் சிடியைத் தேடி அலைந்ததுண்டு.

அந்தச் சிடிகளுக்கும் ஒரு காலம் இருந்தது. இணையத்தில் இறக்கினால் நாள் கணக்கில் ஆகும். தெம்பனிஸ் வட்டார நூலகத்தில் கனமான லினக்ஸ் புத்தகங்களின் பின்னட்டை உறையில் சிடி இருக்கும். 1994-இல் திறந்த அந்த நூலகம், சிங்கப்பூரின் முதல் வட்டார நூலகம். இப்போது ‘நம் தெம்பனிஸ் நடுவம்’ என்ற பெரிய கட்டடத்துக்குள் போய்விட்டது. ஊருக்குப் போய் வருகிறவர்கள் ‘லினக்ஸ் ஃபார் யூ’ இதழை அதனோடு வரும் சிடிக்காகவே வாங்கி வருவார்கள். பின்னால் உபுண்டு வந்தபோது, முகவரி கொடுத்தால் காசில்லாமல் சிடியை வீட்டுக்கே அனுப்பினார்கள். இவற்றுள் உயிர்காத்தது நாப்பிக்ஸ். கிளவுஸ் நாப்பர் என்ற ஜெர்மானியர் ஆக்கியது. ஹார்ட் டிஸ்க்கைத் தொடாமல் சிடியிலிருந்தே முழு லினக்ஸ் எழுந்து நிற்கும். எழாத கணினியை வெளியிலிருந்து பார்க்க ஒரு சன்னல் அது. இன்று அந்த வேலையை யூஎஸ்பி குச்சி செய்கிறது. ஒன்றைச் செய்து மேசை இழுப்பறையில் போட்டுவைப்பது, கணினி நன்றாக ஓடும் நாளிலேயே முடிக்க வேண்டிய வேலை.

வேர் பொருந்தியபின் வருவது சோதனை. எஃப்எஸ்சிகே என்ற நிரல், ‘எஃப்எஸ்செக்’ என்பது பேச்சு வழக்கு, கோப்புமுறையின் கணக்குகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும். 1993-இல் வந்த இஎக்ஸ்டி2-இல், மின்சாரம் திடீரென்று போனால் அடுத்த முறை எழும்போது டிஸ்க் முழுவதையும் சோதித்தாக வேண்டும். இஎக்ஸ்டி3 அதற்கு ஒரு நாட்குறிப்பைச் சேர்த்தது. மாற்றத்தைச் செய்யுமுன் அதை நாட்குறிப்பில் எழுதிக்கொள்வதால், பாதியில் நின்ற வேலையை நொடிகளில் முடிக்கவோ கைவிடவோ முடியும். 2001 இறுதியில் அது கெர்னலோடு சேர்ந்தது. 2008-இல் இஎக்ஸ்டி4 நிலைபெற்றது. மின்தடையே இல்லாத ஊரில் இதற்கென்ன தேவை என்று கேட்கலாம். சிங்கப்பூரிலும் 2004 ஜூன் 29 இரவு, இந்தோனேசியாவின் நத்துனாவிலிருந்து வரும் எரிவாயு தடைப்பட்டு, ஏறத்தாழ 300,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது.

ஆனால் அந்த வீட்டில் நடந்ததற்குப் பெரிய காரணம் எதுவுமில்லை. ஒரு ஞாயிறு மாலை இஸ்திரிப் பெட்டியைச் செருகியதும் மெயின் சுவிட்ச் விழுந்தது. அதே நேரத்தில், அறைகளை வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்காரம்மாவின் டிஜிட்டல் கேமராவிலிருந்து படங்கள் டிஸ்க்குக்கு ஏறிக்கொண்டிருந்தன. பேத்தியின் முதல் பிறந்தநாள் படங்கள். அவரிடம் கணினி கிடையாது. கேமராவின் அட்டை நிரம்பும்போதெல்லாம் “தம்பி, இதக் கொஞ்சம் எறக்கிக் குடுங்க” என்று கொண்டுவருவார். சுவிட்சைத் தூக்கிக் கணினியைப் போட்டார்கள். இஎக்ஸ்டி3-இல் இருந்த வேர் ஒன்றும் சொல்லாமல் எழுந்தது. படங்கள் இருந்த பார்ட்டிஷன் இஎக்ஸ்டி2. பழைய புத்தகத்தைப் பார்த்துத் திருச்சிக்காரர் அப்படிப் பிரித்திருந்தார். எதிர்பாராத முரண்பாடு, எஃப்எஸ்சிகேயைக் கையால் ஓட்டுங்கள் என்ற வரி வந்தது. கீழே பராமரிப்புக்கு ரூட் கடவுச்சொல்லைக் கேட்டபடி கட்டம் மின்னியது.

வீட்டுக்காரம்மா கதவருகில் நின்றார். அட்டையிலிருந்து படங்கள் நகலாகாமல் நகர்த்தப்பட்டதால், ஏறிய வரைக்கும் அங்கே அழிந்திருந்தன. “போட்டோ எல்லாம் போச்சா தம்பி?” திருச்சிக்காரரின் கை நிறுவல் சிடிக்குப் போனது. புதிதாக நிறுவினால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை அந்தக் காலத்தில் எல்லோருக்கும் இருந்தது; இன்றும் இருக்கிறது. மதுரைக்காரர் சிடியை வாங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஹார்ட் டிஸ்க் தானாகக் கெட்டு அழித்த படங்களைவிட, மவுண்ட் ஆகவில்லை என்ற பதற்றத்தில் மனிதர்கள் மறுபடி ஃபார்மட் செய்து அழித்த படங்களே அதிகம் என்பது அவர் கண்டது.

அவர் செய்ததன் வரிசையைப் பாடமாகவே கொள்ளலாம். முதலில் அந்தப் பார்ட்டிஷன் மவுண்ட் ஆகாமல் இருக்கிறதா என்று உறுதிசெய்தார். மவுண்ட் ஆகி எழுதப்பட்டுக்கொண்டிருக்கும் பார்ட்டிஷனில் எஃப்எஸ்சிகே ஓட்டினால் கடும் சேதம் வரும். அந்த நிரலே அப்படி எச்சரிக்கும். பிறகு எஃப்எஸ்சிகேயை ‘மைனஸ் என்’ சேர்த்து ஓட்டினார். எதையும் மாற்றாமல் குறைகளை மட்டும் சொல்லும் முறை அது. சொன்ன குறைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். அதன் பிறகே உண்மையான ஓட்டம். ஐந்து கட்டங்கள்: ஐநோடு எனப்படும் கோப்புப் பதிவுகளும் தொகுதிகளும், அடைவுகளின் அமைப்பு, அடைவுகளின் தொடர்ச்சி, இணைப்புகளின் எண்ணிக்கை, கடைசியில் கூட்டுக் கணக்கு. இரண்டாம் கட்டத்தில் கேள்விகள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றையும் வாசித்து ஒய் அழுத்தினார். எல்லாவற்றுக்கும் ஆம் சொல்லும் ‘மைனஸ் ஒய்’ இருந்தும் அவர் அதைத் தொடவில்லை. சமையலறையில் தேநீர் ஆறிப்போனது. வீட்டுக்காரம்மா சாமி படத்துக்கு விளக்கேற்றிவிட்டு வந்து மறுபடி நின்றார்.

எழுந்த பார்ட்டிஷனில் படங்களின் அடைவு பாதியாக இருந்தது. மீதி ‘லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்’ அடைவில் கிடந்தது. உரிய அடைவைத் தொலைத்த கோப்புகளை எஃப்எஸ்சிகே கொண்டுவந்து போடும் இடம் அது. பெயர் போய்விடும், எண் மட்டும் நிற்கும். ‘ஃபைல்’ என்ற கட்டளை ஒவ்வோர் எண்ணும் என்ன வகை என்று சொல்லும். படம், படம், படம் என்று வரிசையாக வந்தது. ஒன்றைத் திறந்ததும் கேக்கின் மேல் கைவைத்த குழந்தை திரையில் தெரிந்தது. வீட்டுக்காரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதே அடைவில் வேறு சில கோப்புகளும் இருந்தன. உரை என்று சொன்னது. திறந்தால் தலையில் புள்ளியும் கோடும் வைத்த ஐரோப்பிய எழுத்துகளின் குப்பை. திருச்சிக்காரர் சிதைந்த கோப்பு என்று அழிக்கப் போனார். உண்மையில் அவை ஊரிலிருந்த மனைவிக்கு மதுரைக்காரர் அலுவலகத்தில் முரசு அஞ்சல் என்ற தமிழ் மென்பொருளில் அடித்து எடுத்துவந்த கடிதங்கள். ஓர் எழுத்துகூடச் சிதையவில்லை. டிஸ்கி குறியாக்கத்தில் இருந்ததால், அதற்கான எழுத்துரு இல்லாத திரையில் அப்படித் தெரிந்தன. தமிழுக்கு ஆளுக்கொரு குறியாக்கம் இருந்த காலம் அது. பொதுவான ஒன்று வேண்டும் என்றுதான் சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி போன்றோர் பாடுபட்டார்கள்; 1997-இல் இங்கே தமிழ்நெட் மாநாடு கூடியதும் அதற்காகத்தான். யூனிகோடு வந்து அந்தத் துன்பம் தீர்ந்தது. பழைய டிஸ்க்கை மீட்கிறவர்கள் மட்டும் இதை மறக்கக் கூடாது: லாஸ்ட் அண்ட் ஃபவுண்டில் கிடக்கும் ‘குப்பை’ தமிழாக இருக்கலாம். லினக்ஸின் ஐகான்வ் கட்டளைக்கு இன்றும் டிஸ்கி தெரியும். யூனிகோடாக மாற்றிக் கொடுக்கும்.

அடுத்தது எஃப்எஸ்டேப். எந்தப் பார்ட்டிஷன், மரத்தில் எங்கே, என்ன வகை, என்ன விருப்பங்கள் என்பதை ஒவ்வொரு வரியிலும் ஆறு பத்திகளில் சொல்லும் பட்டியல் கோப்பு. கடைசிப் பத்தி சோதனை வரிசை: வேருக்கு 1, மற்றவற்றுக்கு 2, சோதிக்க வேண்டாமென்றால் 0. துவக்கத்தில் வரும் மவுண்ட் பிழைகளில் பெரும்பகுதி இந்தச் சிறிய கோப்பில்தான் பிறக்கிறது.

முன்பு முதல் பத்தியில் எச்டிஏ1, எச்டிபி2 என்று எழுதுவார்கள். எந்தக் கேபிளில் எந்த இடத்தில் டிஸ்க் மாட்டியிருக்கிறது என்பதே பெயர். தெம்பனிஸ்காரர்களுக்கு இது எளிதில் புரியும். ஸ்திரீட் 81-இல் புளோக் எண் எட்டில் தொடங்கும், ஸ்திரீட் 21-இல் இரண்டில். எண்ணைச் சொன்னால் இடம் தெரிந்துவிடும். ஆனால் குடியிருப்பவர் வீடு மாறினால் அந்த எண்ணை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க முடியாது. டிஸ்க்கைக் கழற்றி வேறு கேபிளில் மாட்டிய அன்றும் அதுவேதான் நடந்தது. 2007 வாக்கில் புதிய கெர்னல்களும் ஃபெடோராவின் ஏழாம் பதிப்பும் எச்டிஏவை எஸ்டிஏ ஆக்கியபோது, டிஸ்க் அசையாமல் இருந்தும் பெயர் மாறியது. புதுப்பித்த மறுநாள் எழாத கணினிகள் எத்தனையோ. அதன்பின் நிலைத்தது யூயூஐடி. அடையாள அட்டை எண் போல, கோப்புமுறை பிறக்கும்போதே பெறும் எண்; 32 இலக்கங்கள், நடுவில் நான்கு கோடுகள். எங்கே மாட்டினாலும் மாறாது. மறுபடி ஃபார்மட் செய்தால் மட்டும் புது எண் பிறக்கும், எஃப்எஸ்டேப்பில் இருப்பது செத்த எண்ணாகிவிடும். நினைவகத்துக்குத் துணையான ஸ்வாப் பகுதியை மறுபடி உருவாக்கியவர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இதில்தான்.

எண் தவறாக இருந்தால் கணினி என்ன செய்யும் என்பதும் காலத்தோடு மாறியது. பழைய துவக்க முறை, வேரல்லாத ஒன்று மவுண்ட் ஆகாவிட்டால் பல நேரம் ஒரு வரி முணுமுணுத்துவிட்டு மேலே போய்விடும். இடையில் உபுண்டு, டிஸ்க் இன்னும் வரவில்லை, காத்திருப்பதா, எஸ் அழுத்தித் தாண்டுவதா, எம் அழுத்திக் கையால் சரிசெய்வதா என்று கேட்டது. அது நல்ல வழக்கமாக இருந்தது. இன்றைய துவக்க முறையான சிஸ்டம்டி 90 நொடி காத்திருக்கும். சிவப்பு நட்சத்திரம் அங்குமிங்கும் நகரும். பிறகு அவசர நிலை.

அந்தப் பழைய டிஸ்க் கைக்கு வந்த வாரத்தில் திருச்சிக்காரர் இதையும் பார்த்தார். ஐடிஇ டிஸ்க்கை யூஎஸ்பியில் மாட்டும் அடாப்டர் ஒன்றை வாங்கி, எப்போதும் மவுண்ட் ஆகட்டும் என்று எஃப்எஸ்டேப்பில் ஒரு வரி சேர்த்தார். இரவு டிஸ்க்கைக் கழற்றி வைத்தார். காலையில் 90 நொடி, அவசர நிலை. உபுண்டுவில் ரூட் கணக்கு பூட்டியிருப்பதால் உள்ளே விடவும் மறுத்தது. இப்படி நின்றால், கிரப்பில் ‘இ’ அழுத்திக் கெர்னல் வரியின் இறுதியில் பேஷ் ஷெல்லை இனிட்டாக, அதாவது முதலில் ஓடும் நிரலாக, தந்து எழுப்பலாம், அல்லது யூஎஸ்பி குச்சியில் எழுப்பலாம். வேர் அப்போது படிக்க மட்டுமே கிடைக்கும். அதை எழுதும் முறைக்கு மறுபடி மவுண்ட் செய்து, எஃப்எஸ்டேப்பின் அந்த வரிக்கு முன்னால் ஒரு ஹாஷ் குறி போட்டால் போதும். அவர் அதைத்தான் செய்தார். வரியை அழிக்காமல் ஹாஷ் போடுவது நல்லது. பிழை எங்கே இருந்தது என்பது பிறகும் தெரியும். கழற்றி மாட்டும் டிஸ்க்கானால் விருப்பங்களில் ‘நோஃபெயில்’ சேர்த்துவிட்டால் அது இல்லாமலும் கணினி எழும். கோப்பை மாற்றிய கையோடு ‘மவுண்ட் மைனஸ் ஏ’, ‘ஃபைண்ட்மவுண்ட் வெரிஃபை’ இரண்டையும் ஓட்டினால், தவறு ரீபூட்டுக்கு முன்பே தெரிந்துவிடும். ‘டிஃபால்ட்ஸ்’ என்பதன் கடைசி ‘எஸ்’ விடுபட்டதற்காக இரவு முழுக்க விழித்தவர்கள் உண்டு.

எண் சரி, வரி சரி, ஆனாலும் மவுண்ட் ஆகவில்லை என்றால் வரும் செய்தி புகழ்பெற்றது: வகை தவறு, அல்லது விருப்பம் தவறு, அல்லது சூப்பர்பிளாக் கெட்டது, அல்லது துணை நிரல் இல்லை, அல்லது வேறு பிழை. மவுண்ட் நிரலுக்குக் காரணம் தெரியாது, கெர்னலுக்குத்தான் தெரியும். டிமெசேஜ் கட்டளையின் கடைசி வரிகளில் உண்மைக் காரணம் இருக்கும். கோப்புமுறையின் அடிப்படை விவரங்களைத் தாங்கும் சூப்பர்பிளாக்தான் கெட்டது என்றால் பயப்பட வேண்டியதில்லை, டிஸ்க்கெங்கும் அதன் பிரதிகள் உண்டு. நான்கு கிலோபைட் தொகுதிகள் கொண்ட பார்ட்டிஷனில் முதல் பிரதி 32768-ஆம் தொகுதியில். அந்த எண்ணை எஃப்எஸ்சிகேயிடம் கொடுக்கலாம். படிக்கவே முடியவில்லை, உள்ளீடு வெளியீட்டுப் பிழை என்ற வரிகள் குவிகின்றன என்றால் அது வேறு கதை. அங்கே எஃப்எஸ்சிகே கூடாது. சாகும் டிஸ்க்கில் எழுத வைப்பது அதைக் கொல்லும். டிடிரெஸ்க்யூ கொண்டு வேறொரு நல்ல டிஸ்க்கில் முழு நகல் எடுத்து, நகலின்மேல்தான் வைத்தியம் பார்க்க வேண்டும்.

மவுண்ட் ஆனபின்னும் ஒரு சோதனை பாக்கி. யூனிகோடு விருப்பம் சரியில்லாமல் ஃபேட் பார்ட்டிஷனை மவுண்ட் செய்தால், தமிழ்ப் பெயர் வைத்த கோப்புகளெல்லாம் கேள்விக்குறிகளாகத் தெரியும். லினக்ஸின் பழைய என்டிஎஃப்எஸ் டிரைவர் இதைவிட ஆபத்தானது. மாற்ற முடியாத பெயருள்ள கோப்பை அது காட்டவே காட்டாது. எந்தப் பிழையும் வராது, ஆங்கிலப் பெயர் வைத்த அடைவுகள் எல்லாம் இருக்கும், தமிழ்ப் பெயர் வைத்தவை மட்டும் இல்லாதது போலிருக்கும். அவை அழிந்தன என்று நம்பி டிஸ்க்கைத் துடைத்தவர்களுக்கு உண்மையாகவே அழிந்தன.

வீட்டுக்காரம்மாவின் பேத்திக்கு 21 வயது நிறைகிறது. சிங்கப்பூரில் அது பெரிய விழா. முதல் பிறந்தநாள் படங்களைத் திரையில் ஓடவிட வேண்டுமென்று குடும்பம் தேடியபோது, அன்று எழுதிக் கொடுத்த சிடியை எந்தக் கணினியும் படிக்கவில்லை. திருச்சிக்காரருக்குத் தொலைபேசி வந்தது. அவர் டிஸ்க்கின் ஜம்பரை மாஸ்டர் நிலையில் வைத்து, தனி மின்சாரம் கொடுத்து, அடாப்டரைச் செருகினார். தட்டு சுழலும் ஓசை கேட்டது. இம்முறை அவசரப்படவில்லை, முதலில் முழு நகல். பிறகு நகலை மவுண்ட் செய்தார், படிக்க மட்டும், ‘நோலோடு’ விருப்பத்தோடு. படிக்க மட்டும் என்று சொன்னாலும் இஎக்ஸ்டி3 தன் நாட்குறிப்பை ஓட்டி டிஸ்க்கில் எழுதிவிடும். நோலோடு அதைத் தடுக்கும். இஎக்ஸ்டி2 பகுதிக்கு அது தேவையில்லை, படிக்க மட்டும் என்பதே போதும். லாஸ்ட் அண்ட் ஃபவுண்டிலிருந்து மதுரைக்காரர் வெளியே எடுத்து வைத்த படங்கள் அப்படியே இருந்தன; கேக்கின் மேல் கைவைத்த குழந்தையும் இருந்தாள். டிஸ்கி கடிதங்களை ஐகான்வில் மாற்றி, இப்போது மதுரையிலேயே இருக்கும் அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

தெம்பனிஸ் புளோக்குகளில் பழைய பொருள் வாங்கும் காராங் குனிக்காரர் இன்றும் ஹாரன் அடித்துக்கொண்டு வருகிறார். பழைய கணினியை அவரிடம் கொடுக்கும் முன், உள்ளே இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி, ஒருமுறை படிக்க மட்டும் மவுண்ட் செய்து பாருங்கள்.